வெள்ளிக்கிழமை சித்திகள்

1. பருப்பு சிந்திய காலை

“மல்லிகாவை மிஸ் கிர்ஸ்டன் தன் ஊருக்குக் கூட்டிட்டுப் போறாங்க, டீச்சர். கமிட்டியிலயும் அநேகமா சரின்னுட்டாங்க” என்று சூப்பிரண்டு ஐயா சொன்னபோது, நான் ஸ்டோர் ரூமில் நின்று மதியச் சமையலுக்குத் துவரம்பருப்பு அளந்துகொண்டிருந்தேன். படி கையிலிருந்து நழுவி, பருப்பு தரையெல்லாம் சிதறியது.

“எந்த மல்லிகா?” என்று கேட்டேன். ஹோமில் இரண்டு மல்லிகாக்கள் உண்டு. பெரிய மல்லிகாவுக்கு நிஜமாகவே யாரும் இல்லை. அவளாக இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

“சின்ன மல்லிகா. கன்னியம்மா பொண்ணு” என்று சொன்னவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, “கன்னியம்மாவோட அக்கா பொண்ணு” என்று திருத்தினார்.

அவர் ஏன் நாக்கைக் கடித்துக்கொண்டார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது ஹோம்களில் வேலைக்குச் சேர்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து, “உங்க காலத்துல எப்படி இருந்துது டீச்சர்?” என்று கேட்கிறார்கள். எங்கள் காலத்தில் இப்படித்தான் இருந்தது.

2. கேட்டுக்கு உள்ளே ஒரு முறை

நான் குடியாத்தத்து நெசவுக் குடும்பத்துப் பெண். அப்பா லுங்கித் தறி போட்டவர். வீட்டில் தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதால் எனக்குக் குரல் கொஞ்சம் ஜாஸ்தி. கோபமும் அப்படித்தான். டீச்சர் டிரெயினிங் முடித்தவுடன் ஆம்பூருக்கு வெளியே பாலாற்றுப் பக்கம் இருந்த இந்த அனாதைக் குழந்தைகள் ஹோமில் சேர்ந்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. பாடம் சொல்லித் தருவேன், ஸ்டோர் பார்ப்பேன், வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் மொழிபெயர்ப்பேன். என் இங்கிலீஷில் எனக்குக் கர்வம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எடுத்துக் கொடுப்பேன். “ருக்மணி டீச்சர் பக்கத்துல இருந்தா தைரியமா பேசலாம்” என்று சூப்பிரண்டு ஐயாவே சொல்வார்.

ஹோமை நடத்தியது கடல் தாண்டி இருந்த ஒரு கமிட்டி. அவர்களுடைய விதி ஒன்று உண்டு. அப்பா, அம்மா இரண்டு பேருமே இறந்துபோன குழந்தைகளை மட்டும்தான் சேர்க்கலாம். அம்மா உயிரோடு இருந்தால் இடம் கிடையாது. அம்மா இருந்தால் சோறு இருக்கும் என்று அங்கே யாரோ நினைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் நிலைமை வேறு. ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரை தோல் பதனிடுகிற ஷாப்புகள். புருஷன் செத்துப்போனவள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள் எல்லாருக்கும் வேலை கிடைக்கிற ஒரே இடம் அதுதான். காலையில் இருட்டோடு போனால் மாலையில் இருட்டோடு திரும்புவார்கள். கைக்குழந்தை என்றால் முதுகில் கட்டிக்கொள்ளலாம். நடக்கத் தெரிந்த குழந்தையை என்ன செய்வது? சுண்ணாம்புத் தொட்டி ஓரமாக விளையாட விட முடியுமா?

அதனால் ஒரு முறை தானாகவே உண்டாகிவிட்டது. யார் ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது. நான் சேரும்போதே இருந்தது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிற அம்மா, கேட்டுக்குச் சற்றுத் தள்ளி நின்று, அதன் காதில் சொல்வாள்: “இந்தக் கேட்டுக்குள்ள வந்தா நான் உனக்கு சித்தி. புரிஞ்சிதா? அம்மான்னு சொன்னா வெளிய அனுப்சிடுவாங்க.” பிறகு உள்ளே வந்து, “எங்க அக்கா பொண்ணுங்க. அக்காவும் மாமாவும் போய்ட்டாங்க” என்பாள். எங்கள் வாட்ச்மேன் காதர் பாய் கேட்டைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். சூப்பிரண்டு ஐயா எழுதிக்கொள்வார். குழந்தையின் மூக்கும் முழியும் அச்சு அசலாக அந்தச் சித்தியுடையதாக இருக்கும். யாரும் கேட்க மாட்டோம்.

பார்வையாளர் நாள் முதலில் ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததாம். ஒருத்தரும் வரவில்லை. ஷாப்புக்காரர்கள் முஸ்லிம்கள், ஷாப்புக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அதனால் ஐயா நாளை மாற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் எங்கள் புங்கமரத்தடியில் சித்திகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பொரி, வேர்க்கடலை, சில சமயம் ஒரு பன். இத்தனை சித்திகள் உள்ள அனாதை இல்லம் உலகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது.

கன்னியம்மா அவர்களில் ஒருத்தி. மல்லிகாவுக்கு அப்போது ஆறோ ஏழோ வயசு. இரண்டு பேரும் பேசவே மாட்டார்கள். அந்தப் பெண் சித்தியின் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பெல் அடிக்கிறவரை.

3. நான் திட்டியதன் பலன்

கிர்ஸ்டன் டென்மார்க்கிலிருந்து ஒரு வருஷம் தொண்டு செய்ய வந்தவள். என்னைவிடச் சின்னவள். வெளிநாட்டிலிருந்து அப்படி வருகிறவர்கள் மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. போட்டோ எடுப்பார்கள், பாட்டுச் சொல்லித் தருவார்கள், வயிற்றுப்போக்கு வந்து படுப்பார்கள், போய்விடுவார்கள். இவள் அப்படி இல்லை. கக்கூஸ் கழுவினாள். களி சாப்பிட்டாள். சிரங்கு வந்த குழந்தைகளைத் தன் கையால் குளிப்பாட்டினாள். குழந்தைகள் வாயில் கிர்ஸ்டன் நுழையவில்லை. கிஷ்டம்மா ஆக்கிவிட்டார்கள்.

மல்லிகாவுக்கு டைபாய்டு வந்தபோது சிக் ரூமை விட்டு அவள் நகரவில்லை. தரையில் பாய் போட்டுப் படுத்தாள். குழந்தை பிழைத்தது. அதற்குப் பிறகு கிஷ்டம்மா எங்கே போனாலும் பாவாடை நுனி போல மல்லிகாவும் பின்னாலேயே போனாள்.

எனக்கு இதைப் பார்த்து எரிச்சல் வந்தது. முன்னால் வந்து போனவர்களுக்காக ஏங்கி, சோறு இறங்காமல் கிடந்த குழந்தைகளைச் சமாதானப்படுத்தியது நான்தானே. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்: “நீங்க எல்லாம் வருவீங்க, கொஞ்சுவீங்க, கப்பல் ஏறிடுவீங்க. அப்புறம் அழற பிள்ளையை யாரு பார்க்கிறது?”

அவள் முகம் சிவந்துபோனது. ஒரு மாசம் கழித்து, தன் அக்காவுக்குக் குழந்தை இல்லை, மல்லிகாவை அக்கா தத்து எடுத்துக்கொள்வாள், தானும் அதே ஊரில் இருப்பேன் என்று கமிட்டிக்கு எழுதிவிட்டாள். விட்டுவிட்டுப் போகிறவள் என்று சொன்னேன் அல்லவா, விடாமல் கூட்டிக்கொண்டு போகத் தீர்மானித்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை. எங்கள் ஏட்டின்படி அந்தக் குழந்தைக்கு உலகத்தில் ஒரு சித்தியைத் தவிர யாரும் கிடையாது.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரே ஒரு புகார்தான் இருந்தது. “சிக் ரூம் களிம்பு டப்பாவிலிருந்து யாரோ திருடுகிறார்கள், டீச்சர். வாராவாரம் ஒரு விரல் அளவு குறைகிறது” என்பாள். சமையல்காரியைக் கேட்டேன், பெரிய பெண்களைக் கேட்டேன். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. தொலைகிறது களிம்புதானே என்று விட்டுவிட்டேன்.

4. சுண்ணாம்புத் தொட்டியருகே

பருப்பு சிந்திய அந்தக் காலையிலேயே, கமிட்டியிலிருந்து ஒரு துரை வெள்ளிக்கிழமை வருகிறார், சித்தியை நேரில் பார்த்துப் பேசிவிட்டுக் கடைசி முடிவு எழுதுவார் என்றும் சூப்பிரண்டு ஐயா சொன்னார். சுதந்திரம் வந்த பிறகும் எங்களுக்கு வெள்ளைக்காரர் என்றால் துரைதான்.

“இதுக்கு நீங்க ஒத்துக்கிறீங்களா ஐயா?” என்று கேட்டேன்.

“நான் இன்னா பண்றது டீச்சர்? பெத்தவ இருக்கான்னு சொன்னா, அந்தப் பொண்ணு அன்னிக்கே வெளிய. அதோட நிக்குமா? எல்லா சித்தியையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. மரத்தடியில உக்கார்ற அத்தனை பிள்ளைங்களும் தெருவுக்கு வரும். மல்லிகாவாவது நல்லா இருக்கட்டுமே.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் அதிகமானது. விருட்டென்று வெளியே வந்துவிட்டேன்.

அன்று மாலையே கன்னியம்மா வேலை செய்கிற ஷாப்புக்குப் போனேன். சுண்ணாம்பில் ஊறவைத்த தோலிலிருந்து வழித்துப் போட்ட ஆட்டு மயிரை அலசிக் காயப்போடுகிற வேலை அவளுக்கு. நாற்றத்தில் கண் கரித்தது. என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“இன்னா டீச்சரம்மா, இங்க வந்துட்டீங்க? புள்ளைக்கு இன்னா?”

“புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. நல்லாருக்கா.” சொல்லிவிட்டு விஷயத்தையும் சொன்னேன். மழுப்பாமல் சொன்னேன்.

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, புண்ணாகிக் கிடந்தது. “அந்த ஊர்ல இன்னா சாப்பாடு?” என்று கேட்டாள்.

“ரொட்டி, பாலு, வெண்ணெய். எதுவும் கம்மி இருக்காது.”

“படிக்க வைப்பாங்களா?”

“நல்லா படிக்க வைப்பாங்க.”

“திரும்பி வருவாளா?”

“தெரியல கன்னியம்மா.”

“அங்க போய் என்னை யாருன்னு சொல்லுவா?”

“சித்தின்னு சொல்லுவா” என்றேன். வேறு எதைச் சொல்வது?

கன்னியம்மா தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். “குடுத்துடட்டுமா டீச்சரம்மா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.”

“நான் சொல்ல மாட்டேன்” என்றேன். “பெத்தவ நீ. நீ இன்னா சொல்றியோ, அதை ஒரு எழுத்து மாறாம அந்தத் துரைகிட்ட சொல்றேன். அது என் வேலை.”

பஸ் ஏறி வரும்போதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் சித்தியாகவே இருந்தால் பெண் போய்விடுவாள். அம்மா என்று வாய் திறந்தால் அந்தப் பெண்ணோடு மற்ற பிள்ளைகளும் தெருவுக்கு வரும். எந்தப் பக்கம் போனாலும் அடி அவளுக்குத்தான்.

5. ஆபீஸ் ரூம்

வெள்ளிக்கிழமை துரையின் ஜீப் உள்ளே வந்தபோது மரத்தடியில் இருந்த சித்திகள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். விஷயம் எப்படியோ பரவியிருந்தது. ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை.

ஆபீஸ் ரூமில் துரை நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் சூப்பிரண்டு ஐயா, இன்னொரு பக்கம் கிர்ஸ்டன். நடுவில் கன்னியம்மாவும் பக்கத்தில் நானும் நின்றோம். துரை கடுமையானவர் இல்லை. அமைதியாக, மரியாதையாகத்தான் கேட்டார்.

“இந்த அம்மாள் குழந்தைக்கு என்ன உறவு?”

தமிழில் கேட்டேன். “சித்திங்க” என்றாள்.

“குழந்தையை அனுப்ப அவருக்குச் சம்மதமா?”

“அனுப்ப மாட்டேங்க. சித்தி நான் வேணாம்னு சொல்றேன்னு சொல்லுங்க டீச்சரம்மா.”

அடி சக்கை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சித்தியாக இருந்துகொண்டே மறுத்துவிட்டாள். தப்பிக்க இது நல்ல வழி என்று நினைத்தேன்.

ஆனால் துரை தலையை ஆட்டினார். சித்தியின் பிரியம் தனக்குப் புரிகிறது, ஆனால் குழந்தைக்கு ஹோம்தான் கார்டியன், வளர்க்க வழியில்லாத உறவினர் தடுக்க முடியாது, மரியாதைக்காகத்தான் கூப்பிட்டுக் கேட்டோம் என்றார். அதை அப்படியே சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

கன்னியம்மா கேட்டாள்: “பெத்தவ வேணாம்னு சொன்னா நிறுத்துவாங்களா, கேளுங்க.”

சூப்பிரண்டு ஐயா நிமிர்ந்தார். என்னைப் பார்த்த பார்வையில், கேட்காதே என்று இருந்தது. நான் கேட்டேன்.

“நிச்சயமாக. தாயின் சொல்தான் கடைசிச் சொல். ஆனால் தாய் இருந்தால் குழந்தை இங்கே இருந்திருக்காதே” என்றார் துரை.

சொன்னேன். கன்னியம்மா ஜன்னல் வழியாக மரத்தடியைப் பார்த்தாள். அங்கே நின்ற மற்றப் பெண்களை எல்லாம் பார்த்தாள். பிறகு திரும்பி, மெதுவாக, “நான்தான் பெத்தவ” என்றாள்.

எழுத்து மாறாமல் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லிவிட்டேன்.

கிர்ஸ்டனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. துரை சூப்பிரண்டு ஐயாவைப் பார்க்க, ஐயா தண்ணீர் டம்ளரை எடுத்தார். “இந்த அம்மாள் பொய் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அனுப்பாமல் இருப்பதற்காகச் சொல்கிறார். குழந்தையைக் கூப்பிடுங்கள்” என்றார் துரை.

மல்லிகா வந்தாள். தலை வாரி, ரிப்பன் கட்டி, வெள்ளிக்கிழமைக்கென்று போடும் நீலப் பாவாடை. துரை கேட்டார், நான் தமிழில் கேட்டேன்: “இவங்க யாரு கண்ணு?”

“சித்தி” என்றாள் டக்கென்று.

கன்னியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, அவள் தோளைப் பிடித்தாள். “சொல்லு பாப்பா. இன்னிக்கி சொல்லலாம். அம்மான்னு சொல்லு. யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க.”

குழந்தை அம்மாவைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. துரையைப் பார்த்தது. கேட்டுக்குள்ளே சொல்லக் கூடாது, சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நாலு வயசிலிருந்து காதில் ஓதிய பாடம். இப்போது புதுத் துரை முன்னால் வைத்து மாற்றிச் சொல் என்றால், அது சோதனை என்றுதான் நினைக்கும். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. ஆனால் வாய் தடுமாறவில்லை.

“நீ சித்தி” என்றாள்.

எத்தனை நல்ல மாணவி பாருங்கள். என் வாழ்நாளில் எந்தக் குழந்தையும் ஒரு பாடத்தை இவ்வளவு ஒழுங்காக ஒப்பித்ததில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கன்னியம்மா தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். துரை பேனாவைத் திறந்தார்.

அப்போது வெளியே பெல் அடித்தது. பார்வையாளர் நேரம் முடியப்போகிறது என்பதற்கான முதல் மணி. காதர் பாய் என்ன நடந்தாலும் மணி தவற மாட்டார். மல்லிகாவுக்குப் பதற்றம் வந்துவிட்டது. பாவாடை இடுப்பு மடிப்பில் கையை விட்டு, ஒரு புங்க இலைப் பொட்டலத்தை எடுத்தாள். அவசர அவசரமாகப் பிரித்தாள். உள்ளே மஞ்சளாக, ஒரு விரல் அளவு களிம்பு. கன்னியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை இழுத்துத் தன் மடியில் வைத்து, வெடித்த விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாகத் தடவ ஆரம்பித்தாள். இடையில் ஊதிவிட்டாள். வாராவாரம் மரத்தடியில் இதுதான் நடந்திருக்கிறது. அத்தனை பேர் சுற்றி நிற்பது அவளுக்கு நினைவில்லை. இரண்டாவது மணிக்குள் முடிக்க வேண்டும்.

கிர்ஸ்டன் அந்தக் களிம்பைப் பார்த்தாள். தன் டப்பாவில் குறைந்த களிம்பு எங்கே போனது என்று தெரிந்துகொண்டாள். அந்தக் கைகளையும் பார்த்தாள், குனிந்திருந்த இரண்டு முகங்களையும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“டீச்சர், உங்கள் மொழிபெயர்ப்பில் ஒரு தவறு நடந்துவிட்டது என்று நினைக்கிறேன்.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நேற்று வந்த பெண், ஐம்பது தமிழ் வார்த்தைகூடத் தெரியாதவள், என்னைத் தவறு என்கிறாளா? வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னிடம் கேட்டது என்ன என்று புரிந்தது.

“ஆமாம் சார்” என்றேன். “தப்பு என்னுடையது. பெத்தவள் போல வளர்த்தேன் என்றுதான் இவர் சொன்னார். நான் அவசரத்தில் ‘போல’வை விட்டுவிட்டேன்.”

துரை கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “அது சின்னத் தவறு இல்லை, அம்மா.”

“இல்லை சார். என் இங்கிலீஷ் கொஞ்சம் கம்மி.”

அதைச் சொல்ல என் நாக்கு எழ மறுத்ததை நீங்கள் நம்ப வேண்டும். அதற்கு மேல் சூப்பிரண்டு ஐயா டம்ளரை வைத்துவிட்டு, “கிராமத்துப் பள்ளியில் படித்தவர், சார்” என்று ஒத்து ஊதினார். குடியாத்தம் கிராமமா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கிர்ஸ்டன் துரையிடம், அக்காவின் வீட்டு நிலைமை மாறிவிட்டது, தன் வேண்டுகோளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், மல்லிகா இங்கேயே இருக்கட்டும் என்றாள். துரை பேனாவை மூடினார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதோ என்று பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். போகும்போது மரத்தடியில் நின்று, அந்தப் பெண்களையும் அவர்கள் பக்கத்தில் இருந்த பிள்ளைகளையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஜீப் ஏறிப் போய்விட்டார்.

இரண்டாவது மணி அடித்தது. கன்னியம்மா எழுந்து, “வர்றேன் பாப்பா” என்றாள். “சரி சித்தி” என்றாள் மல்லிகா.

6. அதற்குப் பிறகு

கிர்ஸ்டன் அன்று சாப்பிட வரவில்லை. சிக் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “எனக்கு மட்டும் ஏன் யாரும் சொல்லவில்லை?” என்று கேட்டாள். “நாங்கள் எங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டதில்லை” என்றேன். அதுதான் உண்மை. அவள் அழுதாள். நானும் அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

மிச்சம் இருந்த மாதங்களில் களிம்பு திருட்டைப் பற்றி அவள் பேசவே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் ஆனால், டப்பாவை மூடி இல்லாமல் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள். ஊருக்குப் போகிற அன்று ஆம்பூர் ஸ்டேஷன்வரை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். மல்லிகா கத்தி அழுதாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை வந்ததும் சரியாகிவிட்டது.

துரையின் ரிப்போர்ட்டில், மொழிபெயர்ப்பாளர் நம்பத் தகுந்தவர் அல்ல என்று இருந்ததாம். அடுத்த முறையிலிருந்து வேலூரிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அந்த மனுஷன் களியைக் கேக் என்று மொழிபெயர்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மரத்தடியில் சித்திகள் பொரி தின்றுகொண்டிருந்தார்கள்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு குழந்தைக்கு யாரும் இல்லை என்று யார் சொன்னாலும், எங்கே எழுதியிருந்தாலும், உடனே நம்பிவிடாதீர்கள். பார்வையாளர் நாளில் மரத்தடியில் போய்க் கொஞ்ச நேரம் உட்காருங்கள். யார் கையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உள்ளூர்க்காரராக இருந்தாலும் கடல் தாண்டி வந்தவராக இருந்தாலும், அதைப் பார்த்த பிறகுதான் அந்தக் குழந்தைக்கு நல்லது செய்ய ஆரம்பிக்க வேண்டும்.

மல்லிகா எட்டாவது முடித்துத் தையல் கற்றுக்கொண்டு ஹோமை விட்டுப் போனாள். சில வருஷம் கழித்து ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் இருவரையும் பார்த்தேன். கன்னியம்மா என்னோடு பேசிக்கொண்டு நின்றாள். மல்லிகா பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டு ஜன்னலிலிருந்து தலையை நீட்டி, “சித்தி, சீக்கிரம் வா, வண்டி எடுக்கறான்” என்று கூப்பிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “இன்னும் இன்னாடி சித்தி? கேட்டைத் தாண்டி எத்தனை வருஷம் ஆச்சு?” என்று அங்கிருந்தே சத்தம் போட்டேன்.

“வாய்ல வர மாட்டேங்குது டீச்சர்” என்று சிரித்தாள்.

கன்னியம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். “எப்டிக் கூப்ட்டா இன்னா டீச்சரம்மா” என்றாள். “காதுல விழற தூரத்துல இருக்கறா.” சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.